பிறர் வரைந்த சித்திரத்துக்கு ஒரு தேசத்தின் பேச்சு: டைட்டஸ் தொட்டவத்தவின் நகைச்சுவை எழுத்து

தென்னிலங்கையில் 1980களில் சிறுவராக இருந்தவர்களிடம் தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் முந்திக்கொண்டு வரும். ஒன்று 'தொஸ்தர ஹொந்த ஹித', மற்றது 'ஹா ஹா ஹரி ஹாவா'. நல்லிதயம் கொண்ட வைத்தியர் முன்னவர். அவர் ஹியூ லொஃப்டிங் படைத்த, மிருகங்களோடு பேசும் டொக்டர் டூலிட்டில். பின்னது உலகறிந்த முயலான பக்ஸ் பனி. இருவரையும் சிங்களம் பேச வைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த (1929–2011). சினிமா வரலாறு அவரைப் படத்தொகுப்பாளர் என்றும் இயக்குநர் என்றும் பதிந்து வைத்திருக்கிறது. தொலைக்காட்சியில் அவர் செய்தது பிற்காலத்து உத்தியோகமாகவே கருதப்படுகிறது. இந்த மதிப்பீடு தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொட்டவத்த இந்நாட்டின் தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். அவருடைய படத்தொகுப்பு அனுபவம் முழுவதும் அந்த எழுத்துக்கான பயிற்சியாகவே அமைந்தது.

அவர் வந்த வழியைப் பார்த்தால் இது விளங்கும். 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவில் செய்திப்படங்களும் விவரணப்படங்களும் தயாரான காலத்தில் அவர் தொழில் கற்றார். அங்கிருந்து இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், தொட்டவத்த ஆகிய மூவரும் விலகி வந்து 1956இல் 'ரேகாவ' படத்தை உருவாக்கினார்கள். அதற்கு முன் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்தியப் பட வார்ப்பிலேயே எடுக்கப்பட்டன. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படமே அப்படித்தான். 'ரேகாவ' ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலில், கிராமத்துப் பேச்சோடு படமானது. 1957இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. 1960இல் பீரிஸின் 'சந்தேசய'வையும் தொட்டவத்தவே தொகுத்தார். பிறகு தாமே இயக்கத் தொடங்கி, 1965இல் நடிகர் காமினி பொன்சேகாவை வைத்து 'சண்டியா' என்ற வெகுசனப் படத்தையும், 1979இல் சிறுவருக்காக 'ஹந்தயா'வையும் தந்தார். கலைப்படம், சண்டைப்படம், சிறுவர் படம் என்று அவர் பிரிவினை பார்க்கவில்லை. எதிரே இருக்கும் பார்வையாளருக்கு இது போய்ச் சேருமா என்பதே அவர் எங்கும் கேட்ட கேள்வியாகத் தெரிகிறது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி, ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் மொழிமாற்றப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தபோதும் அவர் அதே கேள்வியைத்தான் கொண்டுவந்தார்.

மொழிமாற்றம் என்றவுடன் அகராதியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை நாம் கற்பனை செய்கிறோம். திரையில் நடக்கும் வேலை வேறு. பாத்திரம் வாயைத் திறக்கும் கணத்தில் சொல் தொடங்க வேண்டும், மூடும் கணத்தில் முடிய வேண்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வந்துவிடும், சிங்களத்திலும் தமிழிலும் அது கடைசியில் வரும். ஆகவே கை ஓங்கும் காட்சியில் ஆங்கிலப் பாத்திரம் அடிப்பேன் என்று சொல்லி முடித்திருக்க, நம் மொழிப் பாத்திரம் இன்னும் யாரை, ஏன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். சிரிப்பு ஒரு விநாடி தாமதித்தாலும் செத்துப்போகும். எனவே பொருளைப் பெயர்ப்பதால் பயனில்லை. காட்சியின் அளவுக்கும் அசைவுக்கும் ஏற்ப வேறொரு வசனத்தை, தேவைப்பட்டால் வேறொரு நகைச்சுவையையே எழுத வேண்டும். இத்தனை பிரேம்களுக்குள் எது அடங்கும், எங்கே மௌனம் வேண்டும், எந்தச் சொல் விழுந்ததும் காட்சி மாற வேண்டும் என்பதை ஒரு படத்தொகுப்பாளர் பல்லாண்டு கையால் பழகியிருப்பார். தொட்டவத்த மூலத்துக்குச் சொல்லுக்குச் சொல் கட்டுப்படாமல், உள்ளூர்ப் பெயர், உள்ளூர்க் கிண்டல், நாள்தோறும் வீட்டில் பேசும் சிங்களம் ஆகியவற்றைக் கொண்டு புதிய வசனம் படைத்ததற்கு அந்தப் பழக்கமே துணிச்சல் தந்திருக்க வேண்டும்.

இதற்கு அழுத்தமான சான்று அந்த இரண்டு கார்ட்டூன்களின் பிறப்பிலேயே கிடைக்கிறது. வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் பக்ஸ் பனி படங்கள் பலவற்றை இயக்கியவர் ஃபிரிஸ் ஃபிரெலிங். அந்தக் கார்ட்டூன் பிரிவு மூடப்பட்டபின் 1963இல் டேவிட் டிபேட்டியுடன் சேர்ந்து அவர் சொந்த நிறுவனம் அமைத்தார். 1970இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய டூலிட்டில் தொடர் அந்த நிறுவனத்தின் தயாரிப்பே. பதினேழு அத்தியாயங்களோடு அது நின்றது. பிறந்த நாட்டில் பக்ஸ் பனி அமரப் புகழ் பெற்றது, டூலிட்டிலை இன்று தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் நிலைமை மாறியது. இங்கே வைத்தியர் முயலுக்குச் சமமாக நின்றார். சிலர் நெஞ்சில் ஒரு படி மேலாகவும் நின்றார். சித்திரம் மாறவில்லை, கதையும் மாறவில்லை. மாறியது பேச்சு ஒன்றுதான். ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கும் தொழில்நுட்பக் காரணம் ஒன்றைச் சொல்லலாம். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன, ஒரு நிமிடத்துக்கு 1,440. அவற்றில் எத்தனைக்குப் புதுச் சித்திரம் வரைகிறார்கள் என்பதே கேள்வி. பழைய பக்ஸ் பனி திரையரங்குக்காக வரையப்பட்டது. அதன் அசைவு செழுமையானது, நகைச்சுவையில் பெரும்பங்கு ஓட்டத்திலும் விழுகையிலும் முகக்கோணலிலும் இருந்தது. அங்கே வசனகர்த்தா செய்யக்கூடியது குறைவு. தொலைக்காட்சிக்காகச் சிக்கனமாக வரைந்த தொடர்களில் உடல் நிற்கும், வாய் மட்டும் அசையும், பின்னணி திரும்பத் திரும்ப வரும். விமர்சகர் அதைக் குறையென்பார். தொட்டவத்தவுக்கு அது காலி நிலம். சித்திரத்தில் கலகலப்பு எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவுக்குப் பேச்சு எழுத இடம் கிடைத்தது. பல்லாயிரம் சித்திரங்களை வரையும் பணம் சிறிய நாடொன்றிடம் அன்று இருக்கவில்லை. ஒலியை முழுவதும் தனதாக்கிக்கொள்ள அதனால் முடிந்தது. தொட்டவத்தவைக் கார்ட்டூன் படைப்பாளி என்று சொல்ல இதுவே போதும்.

இரவல் சித்திரத்துக்கு வசனம் எழுதியவரைப் படைப்பாளி என்பதா என்று கேட்கலாம். தமிழர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியபோது கதை இரவல்தான். ஆனால் அந்த நாடகத்துக்காகவும் அவரைத் தமிழ் நாடகாசிரியர் என்றே மதிக்கிறோம். அன்று தொலைக்காட்சி அலைவரிசைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, எதைப் போட்டாலும் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பார்த்திருப்பார்கள் என்பது சரி. ஆனால் பார்த்ததெல்லாம் நினைவில் நிற்பதில்லை. அதே திரையில் ஓடிய எத்தனையோ வெளிநாட்டுத் தொடர்களின் பெயர்கூட இன்று எவருக்கும் வருவதில்லை. பல அலைவரிசைகள் வந்தபின்னும் மீண்டும் கேட்கப்படுவது இவைதாம். வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சட்டை போட்டு விற்றார், பிள்ளைகள் அதன் மூலத்தை அறியாமலே வளர்ந்தார்கள் என்றும் ஒரு குறை சொல்லலாம். அதில் ஓரளவு நியாயம் உண்டு, லொஃப்டிங்கின் பெயரை அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். எனினும் சட்டை மாற்றாமல் ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால், கொழும்பில் ஆங்கிலம் பேசும் வீடுகளுக்கு வெளியே அந்த நகைச்சுவை யாருக்கும் சென்றிருக்காது. பிறமொழித் தொடர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர், தம் மொழி அவற்றுக்குக் கீழ்ப்படியாமலும் பார்த்துக்கொண்டார்.

தமிழ் மலரொன்றில் சிங்களத்துக்கு உழைத்தவரைப் போற்றுவானேன் என்ற கேள்விக்கு, நாம் வாழும் இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானையிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். நுவரெலியாவைப்போல மலைக்கு மலை தமிழர் செறிந்திருக்கும் பரப்பல்ல இது. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், சிங்களக் கிராமங்களுக்கும் சிற்றுடைமைத் தேயிலைக்கும் இடையில் நம் தோட்டத் தமிழரின் லயங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. லயத்தில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம் என்பதே இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பிள்ளைகளின் வாழ்க்கை. பீதுருதாலகால உச்சியிலிருந்து வந்த ரூபவாஹினி அலைவரிசை வீட்டுமொழி எதுவென்று கேட்கவில்லை. மின்சாரம் எட்டாத இடங்களில் கார் பற்றரி கொண்டு இயக்கிய பெட்டியின் முன் கூடிய பிள்ளைகளுக்கும் வைத்தியரும் முயலும் சிங்களத்திலேயே பேசினார்கள். ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம், தமிழ்க் கார்ட்டூன் எழுத்து அங்கே இவ்வளவு ஆழமாக வேரூன்றவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு தொட்டவத்த உண்டாக்கியதல்ல, அரசு வகுத்தது. ஆனால் அதன் விளைவைச் சொல்லாமல் விட முடியாது. பாடத்துக்கும் பஜனைக்கும் தமிழ், விளையாட்டுக்கும் சிரிப்புக்கும் சிங்களம் என்று ஒரு பிள்ளையின் மனம் பங்கு பிரித்துக்கொள்ளுமானால், அதன் தாய்மொழியில் மிக உயிர்ப்பான ஒரு பகுதி பழக்கமற்றுப் போகிறது. இந்த இழப்பை நாம் உணர்வதற்கே தொட்டவத்தவை அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் எதை இழந்தோம் என்பதை அவருடைய வெற்றிதான் காட்டுகிறது.

தமிழுக்கு அத்தகைய நகைச்சுவை வராது என்று யாரும் சொல்ல முடியாது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவி, அமெரிக்கக் கார்ட்டூன் சிறுமி டோராவைத் தமிழகத்து வீட்டுப்பிள்ளை ஆக்கியது. அதற்கும் வெகு முன்பே இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடெங்கும் கேட்டது, 1976இல் 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்ற நால்வரும் நான்கு விதத் தமிழ் பேசினார்கள். முஸ்லிம் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்தவர் சிரித்தார், யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டுக் கொழும்பில் இருந்தவர் சிரித்தார். வட்டாரப் பேச்சைத் திரையில் வைத்தால் அந்த மக்களுக்கு இழுக்கு என்று அஞ்சுகிறவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆனால் அந்த நால்வரில் தோட்டத் தமிழ் பேசும் ஒருவர் இல்லை. அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று தேடினால் மாரியம்மன் கோவில் முன்றிலில், காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் கேட்கலாம். கூத்தில் கோமாளிக்கு எழுதி வைத்த வசனம் குறைவு. ஆட்டக்காரரின் அசைவைப் பார்த்து, மத்தளம் விட்ட இடைவெளிக்குள் அளந்து, கூட்டம் சிரிக்கும்படி அந்தக் கணத்திலேயே சொல்லைக் கட்டி விடுகிறார். பிறர் வரைந்த வாயசைவுக்கு வசனம் எழுத உட்காருகிறவருக்கு வேண்டியதும் அதே திறமைதான்.