சூரை மீனும் நாட்டின் உணவும்

பிடித்த மீனெல்லாம் உணவாகி விடுவதில்லை. கடலுக்கும் நம் தட்டுக்கும் இடையே கெடாமல் வந்து சேர்ந்தால்தான் அது உணவு. சூரை மீனின் வரலாறு இந்த உண்மையை நன்கு விளக்குகிறது.

நூறு கிராம் சூரைச் சதையில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் உண்டு. ஆனால் இம்மீன் விரைவில் கெடும். ஏன்? மற்ற மீன்களைப்போல் இதன் உடல் குளிர்ந்ததன்று. தசைகளிலிருந்து திரும்பும் சூடான குருதி, செவுள்களிலிருந்து வரும் குளிர்ந்த குருதிக்கு வெப்பத்தைத் தந்துவிடுகிறது. ஆகவே உட்சதை கடல்நீரைவிட வெப்பமாக இருக்கும். நீந்தும்போது வேகம் தரும் இவ்வெப்பமே இறந்தபின் கேடாகிறது. நுண்ணுயிர்கள் பெருகி ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. சமைத்தாலும் அது அழியாது; உண்டவருக்குத் தடிப்பும் தலைவலியும் வரும்.

இதற்கு மாலத்தீவினரும் மினிக்காய்த் தீவினரும் கண்ட வழி எளியது. சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினர். நீர் வற்றிய சதையில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. இது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதியானதை 14-ஆம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா எழுதியிருக்கிறார். இலங்கைச் சமையலில் இன்றும் மணக்கும் மாசி இதுவே.

இரண்டாம் வழி டப்பா. உணவை அடைத்துக் கொதிக்க வைத்துக் காக்கும் முறையைப் பிரெஞ்சுக்காரர் அப்பேர் 1810-இல் வெளியிட்டார். 1903-இல் கலிபோர்னியாவில் சூரையும் டப்பாவில் ஏறியது. 1969-இல் மினிக்காயிலும் ஓர் ஆலை தொடங்கியது.

மூன்றாம் வழி பனிக்கட்டி. 1976-இல் இயற்றிய சட்டத்தால் 200 கடல் மைல் வரை மீன்வளம் நமக்கு உரிமையாயிற்று. 2017-இல் பாக் விரிகுடா இழுவைப் படகுகளுக்குப் பதிலாக, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளை வழங்கும் திட்டம் வந்தது. அப்போது படகு ஒன்றின் விலை 80 இலட்சம் ரூபாயாக இருந்தது. அதில் பாதியை மத்திய அரசு ஏற்றது.

தொலைவு செல்லும் படகுக்குக் குளிர்ச்சியே உயிர். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை ஏற்கிறது. 30 பாகை வெப்பநிலையிலுள்ள மூன்று கிலோ மீனைச் சுழிப் பாகைக்குக் கொணர ஏறக்குறைய இது போதும். வெளிவெப்பமும் பனிக்கட்டியை உருக்குவதால் உண்மையில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

எனவே எத்தனை டன் பிடித்தோம் என்பது பாதிக் கணக்கே. கடலை விட்டு விலகிய இருங்காட்டுக்கோட்டைத் தொழிலாளியின் தட்டிலும் நல்ல சூரை விழ வேண்டுமானால், படகிலிருந்து சந்தை வரை குளிர்ச்சி அறுபடக் கூடாது. ஹிஸ்டமினை மூக்கு கண்டுபிடிக்காது. ஆகவே சூரை வாங்கும்போது அது பனிக்கட்டியில் புதைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!