குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சை: ஆய்வுகள் பெற்றோருக்குச் சொல்வது என்ன?

'தொழில்வழிச் சிகிச்சை' என்ற பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு வேலை பழக்கும் பயிற்சி என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையல்ல. ஒருவரின் நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தும் அதில் அடங்கும். ஒரு பிள்ளைக்கு அது விளையாடுவது, தானே சோறு பிசைந்து உண்பது, சட்டைத் தெறி பூட்டுவது, மலசலகூடம் செல்வது, கொப்பியில் எழுதுவது. மூளை முடக்குவாதம், ஓட்டிசம், காயம், வளர்ச்சித் தாமதம் போன்றவற்றால் இவற்றைச் செய்ய முடியாத பிள்ளை, தனக்கு இயன்ற வழியில் செய்யக் கற்க உதவுவதே இச்சிகிச்சை.

போரோடு வளர்ந்த துறை

இத்துறைக்கும் போருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்காவில் இதற்கான தேசிய சங்கம் 1917 இல் அமைக்கப்பட்டது. அக்காலத்தில்தான் முதலாம் உலகப் போரில் காயமடைந்த படையினருக்குக் கைவினை வேலைகள் மூலம் உதவவெனப் பெண்கள் பயிற்றப்பட்டனர். இழந்த உடல் வலுவை முழுதாக மீட்க முடியாவிட்டாலும் வாழ்க்கையை மீளக் கட்டலாம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. பின்னர் அது குழந்தைகளின் சிகிச்சைக்கும் வந்தது.

எது பயன் தருகிறது?

அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான அயோனா நோவக், இங்கிரிட் ஹோனன் ஆகியோர் 2019 இல் ஒரு பெரிய மீளாய்வை வெளியிட்டனர். 129 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி, 52 சிகிச்சை முறைகள் எந்தெந்தக் குறைபாட்டுக்குப் பயன்படுகின்றன என்று அவர்கள் ஆராய்ந்தனர். இவ்வாறு மதிப்பிட்ட 135 பயன்பாடுகளில் 40 மட்டுமே 'செய்யலாம்' என்ற உறுதியான பச்சை விளக்கைப் பெற்றன. 6 பயன்பாடுகளுக்குச் சிவப்பு விளக்கு. எஞ்சியவற்றுக்குச் சான்று இன்னும் போதாது. செய்வதானால் பலனை அளந்து பார்த்தே செய்ய வேண்டும்.

பச்சை விளக்குப் பெற்றவற்றுள் பலவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பிள்ளை எதைச் செய்ய வேண்டுமோ, அதையே நேரடியாகச் செய்து பழகுகிறது. கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். இது பற்றிக் கனடாவில் 2011 இல் வெளியான மீளாய்வின்படி, எழுதிப் பழகாமல் விரல்களுக்கும் புலன்களுக்கும் மட்டும் அளிக்கும் பயிற்சி கையெழுத்தைத் திருத்துவதில்லை. எழுதிப் பழக வேண்டும். அதுவும் குறைந்தது 20 தடவைகளாவது பயிற்சி நடக்க வேண்டும்.

ஒரு பக்கக் கை பலவீனமான மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். நல்ல கையைச் சில மணிநேரம் கட்டுப்படுத்தி மற்றக் கையை வேலை செய்ய வைப்பது ஒரு முறை. இரு கைகளையும் சேர்த்துப் பயிற்றுவது மற்றது. நியூயோர்க்கில் ஆன்ட்ரூ கோர்டனின் குழு 42 பிள்ளைகளுக்கு 90 மணிநேரப் பயிற்சி அளித்து இரண்டையும் ஒப்பிட்டது. 2011 இல் வெளியான முடிவின்படி இரு முறைகளிலும் கைத்திறன் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியது. ஆனால் கையைக் கட்டும் முறையைச் சிகிச்சையாளரின் வழிகாட்டலின்றி வீட்டில் செய்துபார்க்கக் கூடாது.

பெரிதும் பேசப்படும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை பற்றியும் அறிந்திருப்பது நல்லது. பிரித்தானியாவில் ஓட்டிசம் உள்ள 138 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2022 இல் வெளியானது. எரிச்சலையும் கொந்தளிப்பையும் குறைப்பதில் வழமையான கவனிப்பைவிட இச்சிகிச்சை மேலானது என்று அதில் நிறுவப்படவில்லை. ஊஞ்சலும் பந்துகளும் நிறைந்த அறை இல்லையே என்று எந்தப் பெற்றோரும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

வீடே பயிற்சிக்கூடம்

கிளினிக் நாளில் கூலி வேலையை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிச் செல்லும் தாய்க்கு ஒரு முக்கியமான செய்தி இது. மூளை முடக்குவாதம் உள்ள 36 பிள்ளைகளிடம் நோவக் குழு நடத்திய ஆய்வு 2009 இல் வெளியானது. சிகிச்சையாளர் வகுத்துக் கொடுத்த திட்டத்தை எட்டு வாரம் வீட்டில் செய்த பிள்ளைகள், அத்தகைய திட்டம் பெறாத பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னேறினர். அதற்குப் பெற்றோர் செலவிட்ட நேரம் மாதத்துக்குச் சராசரியாக 17.5 தடவைகள், தடவைக்கு 16.5 நிமிடங்கள். நாள் முழுவதும் பயிற்சி செய்தால்தான் பலன் என்றில்லை.

இத்திட்டத்துக்கு ஐந்து படிகள் உண்டு. சிகிச்சையாளரும் குடும்பமும் பங்காளிகளாக இணைவது, குடும்பமும் பிள்ளையும் இலக்கைத் தீர்மானிப்பது, சான்றுள்ள செயல்களைத் தெரிவது, வீட்டில் செய்யும்போது தொடர்ந்து துணைநிற்பது, இறுதியில் பலனை அளப்பது. அளப்பதற்குக் கனடாவில் 1991 இல் வெளியான ஓர் எளிய கருவி பயன்படுகிறது. தெரிவுசெய்த செயலைப் பிள்ளை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை புள்ளியிடப்படும். சில வாரங்களின் பின் மீண்டும் புள்ளியிட்டு ஒப்பிடுவர்.

சிகிச்சையாளரின் கல்வி

1952 இல் உருவான தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு, மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது 1000 மணிநேரக் களப்பயிற்சி பெற வேண்டும் என்கிறது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இதற்கான பட்டப்படிப்பு உள்ளது. உடற்கூற்றியலும் நோய்களும் அறிந்தால் மட்டும் இன்று போதாது. பெற்றோருக்குக் கட்டளையிடாமல் அவர்களிடம் கேட்டு, அவர்களே வழி காணத் துணைநிற்கும் திறனும் கற்பிக்கப்பட வேண்டும். அத்திறன் மொழியில் தங்கியுள்ளது. இலக்கைக் குடும்பமே சொல்ல வேண்டுமென்றால், அதைச் சொல்லவும் கேட்கவும் தமிழில் இடமிருக்க வேண்டும். வடக்கு கிழக்கில் தமிழ் பேசும் சிகிச்சையாளர்களின் தேவையை வசதி பற்றிய கேள்வியாக மட்டும் பார்க்க முடியாது. அது சிகிச்சையின் தரம் பற்றிய கேள்வி.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அடுத்த முறை செல்லும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்தப் பயிற்சி எந்த அன்றாடச் செயலுக்காகச் செய்யப்படுகிறது?
2. அந்தச் செயலையே நேரடியாகப் பழக்க முடியுமா?
3. வீட்டில் நாங்கள் எதை, எத்தனை நிமிடம் செய்ய வேண்டும்?
4. முன்னேற்றத்தை எப்போது, எப்படி அளப்பீர்கள்?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல சிகிச்சையாளர் இக்கேள்விகளை வரவேற்பார். விழுங்குவதில் சிரமம், வலிப்பு, மூட்டு இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு எந்தப் புதிய பயிற்சியையும் வைத்தியரிடமோ சிகிச்சையாளரிடமோ கேட்ட பின்னரே தொடங்குங்கள்.