சொல்லில்லாமல் பிழைத்த பாட்டு: பாஸ்கு மக்களின் குழலிசை



பிரினீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையில், ஸ்பெயினிலும் பிரான்சிலுமாகப் பிரிந்து வாழும் ஒரு சிறிய இனம் பாஸ்கு மக்கள். அவர்களுடைய மொழிக்கு உலகில் வேறெந்த மொழியோடும் உறவு இருப்பதாக நிறுவப்படவில்லை. அவர்களின் நாட்டுப்புற மெட்டுகள் இன்று புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹோர்ன் என்ற ஐந்து கருவிகள் சேர்ந்த மேலைத்தேயத் துளைக்கருவிக் குழுக்களிலும் ஒலிக்கின்றன. அவை எப்படி அங்கு வந்து சேர்ந்தன என்பதே இம்மாதப் பேச்சு.

பாஸ்கு ஊர்த் திருவிழாக்களின் வாத்தியம் 'சிஸ்து'. மூன்றே துளை உள்ள குழல். இடது கையால் அதை வாசித்துக்கொண்டே வலது கையால் சிறு மேளம் தட்டுவார்கள். இரண்டு சிஸ்து, 'சில்போட்டே' என்னும் நீண்ட குழல், ஒரு பறை என நால்வர் சேர்ந்தால் அது ஒரு முழு அணி. அவர்களுடைய 'சொர்த்சிகோ' என்ற ஆட்ட மெட்டு ஐந்து எண்ணிக்கையில் நடக்கும். நம்முடைய கண்ட நடை கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இராது.

பரிஸ் நகரில் 1810களில் அன்டன் ரைஷா என்பவர் எழுதத் தொடங்கிய 24 படைப்புகளே துளைக்கருவி ஐவர் குழுவை நிலைநிறுத்தின. ஆனால் காதால் கேட்டு ஊதிவந்த ஊர் மெட்டு அங்கே போகவேண்டுமானால், முதலில் அது தாளில் ஏறவேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர்கள் இரண்டு குருமார்கள். ஒருவர் கத்தோலிக்க குருவான அஸ்குவே. மற்றவர் கப்புச்சின் சபையைச் சேர்ந்த தொனோஸ்தியா அடிகளார். ஊர் ஊராகச் சென்று, முதியவர்கள் பாடியதை இசைக்குறியோடும் சொல்லோடும் எழுதிக்கொண்டார்கள். தொனோஸ்தியாவின் 1921ஆம் ஆண்டுத் தொகுப்பில் 393 பாடல்கள். அஸ்குவே வெளியிட்ட தொகுப்பில் 1001. கணக்காளன் பார்வையில் சொன்னால், இது ஓர் இனம் நல்ல காலத்தில் போட்டுவைத்த வைப்புப் பணம்.

அந்தப் பணம் விரைவிலேயே தேவைப்பட்டது. 1937 ஏப்ரல் 26இல் கெர்னிக்கா நகர் குண்டுவீச்சில் எரிந்தது. மே மாதம் கிட்டத்தட்ட 4000 பாஸ்குப் பிள்ளைகள் 'ஹபானா' கப்பலில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். தொனோஸ்தியா அடிகளாரும் பிரான்சில் அகதியானார். அதே ஆண்டில் பாஸ்கு அரசின் தலைவர் அகிர்ரேயின் முயற்சியால், அகதிக் கலைஞர்கள் சுமார் நூறு பேர் சேர்ந்த 'எரெசொயின்கா' என்னும் பாடல், நடனக் குழு உருவாகிப் பரிஸ், லண்டன் மேடைகளில் ஏறியது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர் பிளாசிடோ டொமிங்கோவின் தாயார் பெப்பிதா எம்பில் அதில் பாடியவர். 1939இல் குழு கலைந்தது.

ஸ்பெயினுக்குள்ளே, பிராங்கோவின் ஆட்சியில், பாஸ்கு மொழி பொதுவெளியிலிருந்து ஒடுக்கப்பட்டது. சிஸ்துக் கலைஞர்களின் சங்க இதழ் 1936இல் நின்று 1955இல்தான் மீண்டும் வந்தது. ஆனால் 1941இல் தலைநகர் மாட்ரிட்டிலேயே, ஹெசுஸ் குரிதி என்ற பாஸ்கு இசையமைப்பாளரின் 'பத்து பாஸ்கு மெட்டுகள்' வாத்தியக் குழுவால் வாசிக்கப்பட்டது. சொற்கள் இல்லாததால் மெட்டு கடந்துபோனது.

இதில் நமக்கு ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மெட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். எந்தக் கருவியிலும் ஏறி எந்த நாட்டுக்கும் போகும். ஆனால் மெட்டு மட்டும் போனால், அது தாலாட்டா ஒப்பாரியா என்று சொல்ல ஆளிருக்காது. பாஸ்குக்காரர் இன்று அதைச் சொல்ல முடிவது, போருக்கு முன்பே இருவர் சொல்லையும் சேர்த்து எழுதிவைத்ததால்தான்.

நம் பிள்ளைகள் கீபோர்டில் மெட்டு வாசிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் உங்கள் வீட்டு அம்மம்மா பாடும் அருவிவெட்டுப் பாட்டின் வரிகள் எந்தக் கொப்பியில் இருக்கின்றன? நாங்கள் போர் முடிந்த பிறகு எழுதத் தொடங்குகிறவர்கள். ஆகவே இன்னும் விரைவாக எழுதவேண்டும். இந்த வார இறுதியிலேயே ஒரு பாட்டை எழுதுங்கள்.