கூரை முதலில், சூரியத்தகடு பிறகு: வன்னியின் உள்ளூராட்சிக் கட்டடங்களும் மின்சிக்கனமும்

உள்ளூராட்சிக் கட்டடங்களின் மின்சிக்கனம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது கூரையில் சூரியத்தகடு பொருத்துவதிலேயே போய் நிற்கிறது. இந்த வரிசை பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். கரைத்துறைப்பற்றுப் பிரதேசத்தின் முள்ளியவளை போன்ற ஊரில் வெக்கையை உள்ளே விடாமல் தடுப்பதே முதல் வேலை. அதை வெளியேற்றும் மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது என்பது அடுத்த கேள்வி.

முள்ளியவளை ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாள்களிலும் ஆவணி நடுவிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே இறங்கும். ஆதலால் சுவரைவிடக் கூரையே அதிக வெப்பத்தை வாங்குகிறது. 2009இல் போர் முடிந்தபின் எழுந்த பொதுக்கட்டடங்களில் உலோகச் சீற் பரவியதற்கு நியாயங்கள் உண்டு: விரைவாகப் போடலாம், மரச்செலவு குறைவு, குரங்கு ஓட்டைக் கிளப்பும் தொல்லையும் இல்லை. ஆனால் வெப்பத்தடுப்பு இல்லாத சீற் நண்பகலில் 60 பாகை செல்சியசையும் தாண்டிச் சுடும். கீழேயுள்ள மெல்லிய சீலிங்கும் சூடேறி, இருப்பவரின் தலையில் வெப்பத்தை இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுழற்றுகிறது. யன்னல்களோ வெயிலையும் சோளகத்தையும் பார்த்து வைக்கப்படுவதில்லை, வீதியைப் பார்த்து வைக்கப்படுகின்றன. மேற்கு வெயில் கண்ணாடியில் அடிக்கத் தொடங்கியதும் திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் ரியூப் லைற்றைப் போட்டுக் கோவை பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஓர் அலுவலர் குளிரூட்டி கேட்பதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கணக்கைப் பார்ப்போம். பழைய கூரை மின்விசிறி ஒன்று 75 வாற்று அளவில் இழுக்கும். தூரிகையற்ற மோட்டார் கொண்ட புதியதற்கு 30 வாற்று போதும். பத்து விசிறிகள் எட்டு மணிநேரம் சுழன்றால் 6 அலகு 2.4 ஆகிவிடும். நடுத்தரக் குளிரூட்டி ஒன்று ஓடும்போது பழைய விசிறிகள் பதின்மூன்றின் மின்சாரத்தைத் தின்னும். கூரையைத் திருத்தாமல் குளிரூட்டி வாங்குவது எவ்வளவு நட்டம் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

தெரிந்தும் ஏன் செய்யப்படுவதில்லை? கட்டடத்துக்கான மூலதனம் பெரும்பாலும் அமைச்சிலிருந்தோ மாகாண சபையிலிருந்தோ வெளிநாட்டு உதவித் திட்டத்திலிருந்தோ வருகிறது. அங்கே குறைந்த மதிப்பீடே வெல்லும். மின்கட்டணத்தையோ பிரதேச சபை தன் மீண்டெழும் செலவிலிருந்து ஆண்டாண்டாகச் செலுத்துகிறது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது அந்தச் சுமை வரைபடம் கீறியவரைத் தொடவில்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் 2008ஆம் ஆண்டு வலுச்சிக்கனக் கட்டடக் கோவையும் பெரிய கட்டடங்களை மனதிற்கொண்டே எழுதப்பட்டது.

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற வழக்கமான விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறை இது. அவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்கத் தேவையில்லை. குறை மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது.

சூரியத்தகட்டை நான் மறுக்கவில்லை. சீற்றுக்கு மேல் இடைவெளி விட்டுப் பொருத்தினால் அதுவே நிழலும் தரும். ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்ததால், கூரைச் சூரியத்தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டதை மறக்கலாகாது. அலுவலகங்கள் பூட்டிக் கிடப்பதும் அதே நாள்களில்தான். எனவே முதலில் தேவையைக் குறைத்து, குறைந்த தேவைக்கு அளவாகத் தகடு போடுவதே முறை.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. கூரையின்கீழ் வெப்பத்தடுப்புத் தாள், வடக்கு தெற்கு யன்னல்கள், மேற்குச் சுவருக்கு அகன்ற தாழ்வாரம் அல்லது வேம்பு, சிக்கன விசிறி ஆகியவை மதிப்பீட்டில் தனித்தனி வரியாக இடம்பெற வேண்டும். அவற்றோடு பத்தாண்டு மின்கட்டணக் கணக்கையும் இணைக்காத எந்த மதிப்பீட்டையும் சபை திருப்பி அனுப்பலாம். வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி வழங்குவதும் இதே சபை என்பதால், அந்த நான்கு வரிகளையும் அங்கே வரும் வீட்டுக்காரரிடமும் கேட்கலாம்.