கையெடுக்காத கோடு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் வீட்டு மாடியறையில் ஒரு மேசை செய்துகொண்டிருந்தார். சென்ற மார்கழியில் அது முடிந்துவிட்டதாகச் சொல்லி அழைத்தார். போய்ப் பார்த்தேன். விளிம்பு உயர்த்திய பிளைவுட் பலகை. அதன்மேல் விரற்கடை அளவுக்கும் குறைவாகப் பரப்பிய வெள்ளை மணல். மணலின்மேல் ஒரு பால்ரஸ் குண்டு. பலகைக்கு அடியில் ஒரு காந்தம். பழைய பிரின்டர்களிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள், ஒன்று நீளவாக்கிலும் மற்றொன்று குறுக்குவாக்கிலும் அந்தக் காந்தத்தை நகர்த்துகின்றன. கணினி சொன்ன பாதையில் காந்தம் செல்கிறது. மேலே குண்டு அதைப் பின்தொடர்கிறது. குண்டு போன வழியெல்லாம் மணல் விலகிக் கோடாகிறது. பார்ப்பவருக்கு மோட்டாரும் காந்தமும் தெரிவதில்லை. குண்டு தானே யோசித்து வரைவதுபோல் இருக்கும்.

புரூஸ் ஷாபிரோ என்ற அமெரிக்கர் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு இத்தகைய பொறிகளைச் செய்யத் தொடங்கியவர். மலைமேல் ஓயாது பாறையை உருட்டும் கிரேக்கப் புராண மன்னன் சிசிபஸின் பெயரையே தம் படைப்புகளுக்குச் சூட்டினார். 2016இல் அவர் இதை வீட்டு மேசையாக்கிப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபின், உலகெங்கும் பலர் தாங்களே செய்துபார்க்கத் தொடங்கினர். நண்பரும் அவர்களில் ஒருவர்.

இந்தப் பொறிக்கு ஒரு குறை உண்டு. பேனாவைத் தாளிலிருந்து தூக்கலாம். குண்டை மணலிலிருந்து தூக்க முடியாது. ஓரிடத்தில் வரைந்துவிட்டு வேறிடத்துக்குப் போக வேண்டுமானால் இடையிலும் கோடு விழும். ஆகவே, இதில் வரையும் எந்தப் படமும் கையெடுக்காத ஒற்றைக் கோடாக இருந்தாக வேண்டும்.

நண்பர் முதலில் வரையச் சொன்னது நான்குக்கு நான்கு புள்ளி வைத்த சிக்குக் கோலம். குண்டு ஒரு கம்பியை முடித்தது. அடுத்த கம்பிக்குத் தாவும்போது கோலத்தின் குறுக்கே ஒரு வடு விழுந்தது. நண்பர் சளைக்கவில்லை. ஆய்லர் என்ற கணித மேதை 1736இல், கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றிய ஒரு புதிருக்கு விடை சொன்னார். ஒன்றோடொன்று இணைந்த ஒரு படத்தில் ஒவ்வொரு சந்தியிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் கோடுகள் கூடினால், அப்படத்தைக் கையெடுக்காமல் வரைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம் என்பது அதன் சாரம். சிக்குக் கோலத்தின் ஒவ்வொரு வெட்டிலும் நான்கு கோடுகள் கூடுகின்றன. எனவே வெட்டுகள் சிலவற்றில் நேராகப் போகாமல் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. நண்பர் அப்படியே செய்தார். வடு மறைந்தது.

குண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் மட்டும் முகம் சுளித்தார். "கம்பி அங்க திரும்பாதுடா. நேராப் போவணும். நாலுக்கு நாலு வெச்சா ஒரே கம்பியில வராது. மூணுக்கு நாலு வை, வரும்."

வந்தது. மூன்று வரிசையில் நந்நான்கு புள்ளி, ஒரே கம்பி, ஒரு வடுவும் இல்லை. இப்படிச் சதுரக் கட்டமாகப் புள்ளி வைத்துச் சுற்றிவரும் எளிய சிக்குக் கோலத்தில், வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை கம்பிகள் அமையும் என்பது கணிதம். நான்குக்கும் நான்குக்கும் நான்கு. மூன்றுக்கும் நான்குக்கும் ஒன்று. அந்த அம்மையார் மீப்பெரு பொது வகுத்தியைக் கேள்விப்பட்டிருப்பாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது என் அறியாமையாகத்தான் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. மணலில் கோடிடும் இந்தக் கலையின் வரலாற்றில் யாருடைய பெயர்கள் எழுதப்பட்டன? யாருடையவை மணலோடு போயின?

மணலில் எழுதுவது நமக்கு மட்டுமே உரியதன்று. அரபியர் கணக்கிட்ட தூசிப் பலகையின் நினைவு, "தூசி" எனப் பொருள்படும் "குபார்" என்ற எண் வடிவங்களின் பெயரில் இன்றும் உள்ளது. ஆனால் இங்கிருந்து ஒரு மணற்பலகை கடல் கடந்த கதை தனியானது. 1623இல் பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டு இக்கேரியில், சிறுவர்கள் தரையில் நுண்மணலைத் தூவி விரலால் எழுதிக் கணக்குப் பயில்வதைக் கண்டு குறித்துவைத்தார். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின், சென்னை எழும்பூரில் இராணுவத்தார் பிள்ளைகளுக்கான ஆண்கள் காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதையே ஒரு திண்ணைப் பள்ளியில் பார்த்தார். "மலபார் பள்ளி" என்று அவர் எழுதியிருப்பதைப் படித்துக் கேரளம் என்று மயங்கக் கூடாது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் அப்பெயரால் அழைத்தனர். பெல் தம் பள்ளியிலும் மணல் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் இசையவில்லை. எட்டு வயது கடந்த ஜான் ஃப்ரிஸ்கன் என்ற மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பையே ஒப்படைத்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் "மெட்ராஸ் முறை" இவ்வாறு பிறந்தது.

1797இல் லண்டனில் பெல்லின் அறிக்கை வெளியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே லண்டனின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் மணல் மேசையைத் தம் வகுப்பின் முன்வரிசையில் வைத்தார். தாள் வேண்டாம், மை வேண்டாம். எழுதியதை ஒரு பலகையால் சமன்செய்தால் அடுத்த எழுத்துக்கு இடம் தயார். 1815இல் பாரிஸிலும் இம்முறைப் பள்ளிகள் தொடங்கின. பிரெஞ்சுச் சிறுவர்கள் மணலில் எழுத்துப் பழகினர். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை என்பது வரலாற்றின் ஒரு சிறு நகை. 1793இல் ஆங்கிலேயர் பிடித்த நகரம், 1816 இறுதியில்தான் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பெல்லின் பெயரும் லங்காஸ்டரின் பெயரும் ஏன், சிறுவன் ஃப்ரிஸ்கனின் பெயரும் கல்வி வரலாற்றில் உள்ளன. பெல் கண்ட திண்ணைப் பள்ளியின் ஆசிரியர் யாரென்று தெரியாது.

மணலில் விரலின்றிப் பொறி எழுதிய புகழ்பெற்ற தருணமும் பாரிஸுக்கு உரியது. 1851இல் லியோன் ஃபூக்கோ பாந்தியோன் மண்டபத்தின் விதானத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். குண்டின் அடியில் ஒரு முள்; ஊசலின் எல்லையில் மணல் மேடு. ஒவ்வொரு வீச்சிலும் முள் மணலைச் சற்றுத் தள்ளித் தள்ளி வெட்டிச் சென்றது. பூமி சுழல்வதைப் பூமியே மணலில் எழுதிக்காட்டியது. அந்தப் பொறிக்கு மோட்டார் தேவைப்படவில்லை.

ஊசல் தன் போக்கில் எழுதும். கோலத்துக்கோ கட்டளைகள் வேண்டும். அவற்றைக் கணிதமாக வகுத்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தனர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களை ஒரு மொழியாகவும், அவற்றின் ஆக்கத்தை இலக்கணமாகவும் கண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கம்பிக் கோலத்தை ஏழு அசைவுகளில் எழுதிவிடலாம் என்பது பின்னர் அவர்கள் ஆய்வு சென்றடைந்த இடம்: முன்னே செல்லும் அசைவு ஒன்று, வலப்புறத் திருப்பங்கள் மூன்று, இடப்புறத் திருப்பங்கள் மூன்று. நண்பரின் மோட்டார்களுக்குக் கணினி அனுப்பும் கட்டளைகளும் ஏறக்குறைய இவைதாம். ஆங்கோலாவின் சோக்வே மக்கள் கதை சொல்லியபடி மணலில் வரையும் சோனா படங்களும், வனுவாட்டுத் தீவினர் விரலெடுக்காமல் வரையும் மணல் ஓவியங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னதை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இலக்கணம் எழுதியவர்களை நாம் அறிவோம். அறிய வேண்டியதும் கடமையே. மொழியை ஆக்கியவர்களோ விடியற்காலையில் வாசல் தெளித்துக் குனிந்து நின்ற பெண்கள். மதியத்துக்குள் மிதிபட்டு அழியும் ஒன்றில் தம் பெயரைப் பொறிக்க அவர்களுக்கு இடமும் இருக்கவில்லை, எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நண்பரின் மேசையில் இருப்பது கடல்மணல் அன்று. புதுவைக் கடற்கரையிலும் நெடுங்காலம் மணல் இல்லை. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக எழுந்த அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன; காந்தி சிலை முன்னிருந்த மணல்வெளி கருங்கற் குவியலாயிற்று. 2018 வாக்கில் கடலுக்குள் இறக்கிய எஃகு அமைப்புக்குப் பின்னரே ஒரு பகுதியில் மணல் திரும்பியது. அந்த மணலும் இந்த மேசைக்கு ஆகாது. பருமணி, உப்பு ஈரம். கடைசியில் பயன்பட்டது தெருவில் விற்கும் கோலமாவு. அதுவும் அரிசிமாவன்று, கல்லை அரைத்த பொடிதான். வாங்கிக் கொடுத்தவர் தாயார்.

நான் விடைபெறும்போது குண்டு மூன்றுக்கு நான்கை முடித்துவிட்டு, அதன்மேலேயே அடுத்த கோலத்தைத் தொடங்கியிருந்தது. நண்பர் அந்தக் கோலத்தின் நிரலைக் கணினியில் தாயாரின் பெயரில் சேமித்திருந்தார். அதைச் சொன்னபோது அம்மையார் சிரித்தார். "இது எங்க அம்மா போட்டதுடா" என்றார்.