தப்பாகக் காட்டும் சிக்னலை விட அணைந்த சிக்னல் மேல்

காரைக்கால் கடற்கரையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அது அணைந்தால் கடலில் இருக்கும் மீனவருக்கு உடனே தெரிந்துவிடும். விமானங்களுக்கு அந்த வேலையைச் செய்வது ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ சிக்னல். இருட்டிலும் மழையிலும் ஓடுபாதைக்கு வழி காட்டும். லோகலைசர் இடம், வலம் சொல்லும். கிளைடு ஸ்லோப் சுமார் 3 டிகிரி சரிவில் இறங்கச் சொல்லும். ஆனால் இந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாதே! தவறாகக் காட்டினால் விமானிக்கு எப்படித் தெரியும்?

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் இந்தக் கேள்வி எழுந்தது. 1978 நவம்பர் 15 இரவு, ஐஸ்லாந்தைச் சேர்ந்த டி.சி.8 விமானம் ஒன்று இந்தோனேசிய ஹஜ் பயணிகளுடன் ஜெட்டாவிலிருந்து வந்து கட்டுநாயக்கவில் இறங்க முயன்றது. ஓடுபாதையை எட்டும் முன்பே தோட்டத்துக்குள் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானிகள் இறங்கும் முறையைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்றது இலங்கை விசாரணை. ஐ.எல்.எஸ். கருவியும் அதன் பராமரிப்பும் கட்டுப்பாட்டாளர்களின் தவறுகளும்தான் காரணம் என்றது ஐஸ்லாந்து தரப்பு.

இப்படிச் சந்தேகமே வரக்கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு ஐ.எல்.எஸ். உடனும் ஒரு மானிட்டர் இருக்கிறது. சிக்னல் வரம்பு மீறினால் அது மாற்று டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றும். அதுவும் சரியில்லை என்றால் மொத்தமாக அணைத்துவிடும்.

அந்த மானிட்டரை ஓரம் கட்டினால் என்ன ஆகும்? 2000 ஜூலை 29 இரவு சமோவா நாட்டின் ஆப்பியாவில் அது தெரிந்தது. பராமரிப்பின்போது கிளைடு ஸ்லோப் கருவியை பைபாஸில் வைத்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பழுதான சிக்னல் அணையாமல் ஒலிபரப்பாகிக்கொண்டே இருந்தது. ஏர் நியூசிலாந்தின் போயிங் 767 விமானத்தில் முள் 'எல்லாம் சரி' என்று நடுவில் நின்றது. விமானமோ ஓடுபாதைக்குப் பல கிலோமீட்டர் முன்பே 400 அடிக்கும் கீழே வந்துவிட்டது! விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று கவனித்த விமானிகள் சட்டென்று மேலே ஏற்றினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மானிட்டர் என்பது உள் தணிக்கை. அது மட்டும் போதாது. கருவிகள் பொருத்திய விமானம் அவ்வப்போது பறந்து சிக்னலை அளக்க வேண்டும். இது வெளித் தணிக்கை. இந்தியாவில் இதற்கென்றே விமான நிலைய ஆணையத்தில் தனிப் பிரிவு உண்டு.

காரைக்கால்காரர்கள் விமானம் ஏறத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகலாம். மழை இரவில் அங்கே பத்திரமாக இறங்கினால், விமானிக்கு மட்டுமல்ல, அந்தச் சிக்னலைச் சோதித்தவர்களுக்கும் நன்றி சொல்லலாம்.