மிதிவண்டிச் சட்டகப் பட்டறைகளின் வரலாறு

மிதிவண்டியின் வரலாற்றைக் கூறும் கட்டுரைகளில் பெரும்பாலும் இரண்டு செய்திகளே இடம்பெறும். ஒன்று அதைக் கண்டுபிடித்த அறிஞர்களைப் பற்றியது. மற்றொன்று அதை இலட்சக்கணக்கில் செய்து உலகெங்கும் அனுப்பிய பெருந்தொழிற்சாலைகளைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையில், தெருவோரக் கடையின் பின்கட்டில் ஒருவரோ இருவரோ நின்று, வாங்குவோரின் உடலை அளந்து, குழாய்களை அறுத்து, நெருப்பில் பற்றவைத்து, ஒவ்வொன்றாகச் சட்டகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளும் இருந்தன. இங்கிலாந்தில் அத்தொழில் தோன்றி, செழித்து, நலிந்து, மீண்டும் துளிர்த்த கதையை ஆராய்ந்தால், ஒரு கைத்தொழில் நிலைபெறக் கைத்திறன் மட்டும் போதுமா என்னும் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

சட்டகம் உருவான வகை

1885ஆம் ஆண்டில் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்னும் மிதிவண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறையும் அதிலே அமைந்திருந்தன. 1888இல் டன்லப், பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில், கடைக்காரர்கள் 'பிரேம்' என்று வழங்கும் சட்டகம் சாய்சதுர வடிவத்தைப் பெற்றது. இன்றைய வண்டிகளிலும் பெரும்பாலானவை அவ்வடிவத்தை விட்டு விலகவில்லை. வடிவம் நிலைத்துவிட்ட பின்னர், முன்னேற்றத்துக்கு இடமிருந்தது குழாயிலும் மூட்டிலும்தான்.

குழாயைச் சீர்திருத்தியவர் பர்மிங்ஹாமில் ஆணி செய்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ். மூட்டுக்கு அருகே குழாயின் சுவர் தடித்திருக்க வேண்டும். நடுப்பகுதி மெலிந்திருந்தால் கேடில்லை. வெளி விட்டம் மாறாமல் உட்புறத்தில் மட்டும் இவ்வேறுபாடு அமைந்த குழாய்க்கு 1897இல் காப்புரிமை பெறப்பட்டது. 1935இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் '531' என்னும் குழாயை வெளியிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்பயர் விமானங்களின் எஞ்சினைத் தாங்கும் சட்டங்களுக்கும் இக்குழாய் பயன்பட்டது.

சிறு பட்டறைக்காரருக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. பெருந்தொழிற்சாலை வாங்கக்கூடிய மிகச் சிறந்த குழாயை அவரும் வாங்க முடிந்தது. முதன்மைச் சட்டகத்துக்கு எட்டு, முன்கவைக்கு மூன்று, ஆகப் பதினொரு குழாய்கள் ஒரு வண்டிக்குப் போதும். உருக்காலையோ பெரும் முதலோ தேவையில்லை. அரம், இரம்பம், பட்டறைப் பிடி, நெருப்பு, அளவறிந்த கண் ஆகியவை இருந்தால் தொழில் தொடங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

பட்டறையின் வேலை

வேலை அளவெடுப்பதில் தொடங்கும். கால் நீளம், உடல் நீளம், கைகளின் எட்டு, ஏறுபவர் பந்தயத்துக்குச் செல்பவரா, நெடும்பயணம் போகிறவரா என்பன எல்லாம் கேட்டறியப்படும். அதற்கேற்பக் குழாய்களின் நீளமும் அவை சந்திக்கும் கோணமும் முடிவாகும். ஒரு குழாயின் முனை மற்றொன்றின் வளைவோடு இடைவெளியின்றிப் பொருந்துமாறு அரத்தால் குடைந்தெடுக்கப்படும். மூட்டுகளுக்கு 'லக்' எனப்படும் எஃகு உறைகள் உண்டு. அவற்றில் குழாய்களைச் செருகி, துருவும் அழுக்கும் அணுகாதிருக்க வெங்காரம் போன்ற இளக்கியைப் பூசி, மூட்டைச் செஞ்சூடாக்கிப் பித்தளைப் பற்றாசை உருக்கி உள்ளே ஓடச் செய்வர். பொற்கொல்லர் பட்டறையைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதன்று.

எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். பித்தளைப் பற்றாசு 900 பாகைக்கு அண்மையிலேயே உருகிவிடும். இந்த இடைவெளிதான் தொழிலாளியின் களம். சூடு குறைந்தால் பற்றாசு உறையின் விளிம்பிலேயே நின்றுவிடும். சூடு மிகுந்தால் மெல்லிய குழாய் தன் உரத்தை இழந்துவிடும். வெப்பமானியைப் பார்த்து அறிய நேரமில்லை. எஃகின் நிறமே அளவுகோல். இதில் நேரும் பிழையை வாங்குபவர் காண இயலாது. வண்ணம் பூசிய பின் நல்ல மூட்டும் தீய மூட்டும் ஒன்றுபோலவே தோன்றும். மலைச்சரிவில் வேகமாக இறங்கும்போது தம் உயிர் தொங்குவது அந்த மூட்டில் என்பதை அறிந்தவர்கள், செய்தவரின் நேர்மையை நம்பித்தான் வாங்கினர். ஆதலின் நம்பிக்கையே இத்தொழிலின் முதல் மூலதனம் எனலாம்.

கழகங்கள் தந்த வாழ்வு

நம்பி வாங்குவோர் எங்கிருந்து வந்தனர்? இங்கிலாந்தின் மிதிவண்டிக் கழகங்களிலிருந்து வந்தனர். குதிரை வண்டிகளோடும் காவலரோடும் மோதல் நேருமென அஞ்சி, அந்நாட்டு மிதிவண்டியாளர் சங்கம் 1890களில் பொதுச் சாலைப் பந்தயத்தை விலக்கியது. அதற்கு மாற்றாக 1895இல் பிட்லேக் என்பவர் தனிநேரப் பந்தயத்தை ஏற்படுத்தினார். வீரர்கள் கூட்டமாகச் செல்லாமல், இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுவர். பிறர் கண்ணில் படாதிருக்க விடியற்காலையில் கறுப்பு உடையணிந்து ஓட்டினர்.

இவர்களிற் பலர் வேலை செய்து பிழைத்த எளியவர்கள். அதே வண்டியில் வாரநாட்களில் வேலைக்குச் சென்று, ஞாயிறு வைகறையில் பந்தயத்துக்கும் சென்றனர். அவர்களுக்குத் தொழிற்சாலை வண்டி கனமாக இருந்தது. தம் உடலுக்கு ஏற்ற இலேசான சட்டகத்துக்காகப் பணம் சேர்த்தனர். இலண்டனில் 1928இல் கடை தொடங்கிய கிளாட் பட்லர், பேட்ஸ் உடன்பிறந்தார், பிராட்போர்டில் பெய்ன்ஸ், போருக்குப்பின் 1946இல் டெர்பி நகரில் எழுந்த மெர்சியன் முதலிய பெயர்கள் கழகத்தார் நாவில் பழகின.

ஒருவர் வண்டியை மற்றவர் வண்டியிலிருந்து தொலைவிலேயே பிரித்தறியும் வகையில் சில பட்டறைகள் சட்டகத்தின் வடிவத்திலேயே தம் முத்திரையை வைத்தன. ஹெட்சின்ஸ் வண்டியின் பின்குழாய்கள் நெளிந்து வளைந்திருக்கும். பேட்ஸ் வண்டியின் முன்கவைக்குத் தனி வளைவு உண்டு. பெய்ன்ஸ் வண்டியின் இருக்கைக் குழாய் செங்குத்தாக நிற்பதால் அதைப் 'பறக்கும் கதவு' என்றே அழைத்தனர். அதிர்ச்சியைத் தாங்கவே இவ்வமைப்புகள் என்று விளம்பரங்கள் கூறின. விளம்பரத்துக்கு எதிரான தொழில்முறையற்ற வீரர்களின் கடும் விதிகளால், பெயரில்லாமலே வண்டியை அடையாளம் காட்டும் தேவை எழுந்தது என்று வேறொரு காரணமும் சொல்லப்படுகிறது.

பெயரும் கையும்

இங்கு ஒரு செய்தி எண்ணத்தக்கது. ஹெட்சின்ஸ் என்னும் பெயர், இரஷ்யாவிலிருந்து வந்து இலண்டனில் குடியேறிய ஹைமன் ஹெட்சின் என்னும் கடைக்காரருடையது. அச்சட்டகங்களைச் செய்து புகழ் சேர்த்த கை ஜாக் டென்னி என்னும் தொழிலாளியினுடையது. பல கடைகளுக்கு வெளிப் பட்டறைக்காரர்களே சட்டகம் செய்து கொடுத்தனர்; குழாயின்மேல் ஒட்டப்பட்டதோ கடையின் பெயர். இதைச் சுரண்டல் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விற்கத் தெரிந்தவரும் செய்யத் தெரிந்தவரும் சேர்ந்தபோதே தொழில் ஓடியது. டயர், விளக்கு, சங்கிலி, இருக்கை முதலியவற்றை விற்று வந்த சிறு இலாபமே பல கடைகளின் பின்கட்டில் எரிந்த நெருப்பை அணையாமல் காத்தது.

சரிவு

1950களில் காற்று மாறியது. கூலி உயர்ந்த தொழிலாளி மோட்டார் சைக்கிளையும், பின்னர் சிறு காரையும் நாடினார். கழகங்களில் இளைஞர் வரவு குறைந்தது. கிளாட் பட்லர் நிறுவனம் நொடித்துப்போய், அதன் பெயரை ஹோல்ட்ஸ்வொர்த் வாங்கியது. 1960இல் ராலி போன்ற பெரு நிறுவனமே பிறிதொரு தொகுதியுடன் இணைய நேர்ந்தது என்றால், சிறு பட்டறைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் மூடிய பட்டறைகளில் கைத்திறன் குறைந்துவிடவில்லை. நேற்று மூட்டை நேர்த்தியாகப் பற்றவைத்த கைதான் இன்றும் அங்கே இருந்தது. அதன் அருமையை அறிந்து கடை வாயிலில் நின்ற கூட்டம் கலைந்துவிட்டது என்பதே உண்மை.

கடல் கடந்து வந்த மாணாக்கர்

தொழில் முற்றும் அழியாமற் காத்தது எதிர்பாராத ஒரு நிகழ்ச்சி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிதிவண்டி மோகம் பெருகியது. ஆனால் அங்கே கையால் சட்டகம் செய்யக் கற்பிப்போர் மிகச் சிலரே. 1972ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரிச்சர்ட் சாக்ஸ், பீட்டர் வைகிள், பென் செரோட்டா ஆகிய அமெரிக்க இளைஞர்கள் இலண்டன் டெட்போர்டில் இருந்த விட்கோம் பட்டறைக்கு வந்து தொழில் பழகினர். தாய்நாடு திரும்பித் தனித்தனியே பெயர் பெற்றனர். சாக்ஸின் சட்டகத்துக்கு மக்கள் பல ஆண்டுகள் காத்திருந்த காலமும் வந்தது. இங்கிலாந்தில் மதிப்பிழந்து கொண்டிருந்த ஒரு வித்தை, அதைக் கற்க வந்தவர்களுக்குக் கதவு திறந்துவிட்டதால் மற்றொரு கண்டத்தில் வேரூன்றியது.

ஜப்பான் காட்டிய வழி

ஜப்பானில் இதே தொழிலை வேறொன்று காத்தது. போரில் நலிந்த உள்ளாட்சிகளுக்கு நிதி திரட்டும் நோக்குடன் 1948இல் மிதிவண்டிப் பந்தயச் சூதாட்டத்துக்குச் சட்டமியற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் கொக்குரா நகரில் 'கெய்ரின்' பந்தயம் தொடங்கியது. மக்கள் பணம் கட்டும் பந்தயமாதலால், வண்டியின் வேறுபாட்டால் வெற்றி வந்தது என்ற ஐயத்துக்கு இடமிருக்கக்கூடாது. ஆகவே ஆடவருக்கான வழக்கமான பந்தயங்களில் எஃகுச் சட்டகமே வேண்டும். அதையும் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளே செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கைத்தொழிலைக் காக்க வேண்டும் என்று எவரும் எண்ணி அவ்விதியை இயற்றவில்லை. ஆயினும் ஒவ்வொரு வீரருக்கும் அவர் உடலுக்கேற்ற சட்டகம் தேவைப்பட்டதால், சிறு பட்டறைகளுக்கு ஓயாத வேலை கிடைத்தது. அவற்றுள் ஒன்றின் தலைவரான யோஷியாக்கி நாகசாவா, இத்தாலியில் போலியாகி, டி ரோசா ஆகியோரிடம் தொழில் பயின்றவர். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக விரைவோட்டப் பட்டத்தை வென்ற கோயிச்சி நக்கானோவுக்கு வண்டி செய்து கொடுத்தவர் அவரே.

கணக்கேட்டில் உள்ள ஆபத்து

1990களில் அலுமினியமும், பின்னர் கார்பன் இழையும் பந்தய வண்டிகளில் எஃகின் இடத்தைப் பிடித்தன. தைவான் முதலிய நாடுகளின் தொழிற்சாலைகள் மிக நல்ல வண்டிகளை மலிவாகத் தந்தன. ஆயினும் 2005இல் அமெரிக்காவிலும் 2011இல் பிரிஸ்டல் நகரிலும் கைவினை மிதிவண்டிகளுக்கென்றே கண்காட்சிகள் தொடங்கின. புதியவர் பலர் தொழிலில் இறங்கினர். அவர்களில் சிலரை வீழ்த்தியது போட்டியன்று, கணக்கு.

ஒருவர் வாரத்துக்கு ஒரு சட்டகம் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேல் அவரால் இயலாது. குழாயின் விலையும் தம் கூலியும் கூட்டி விலை சொல்லிவிடுகிறார். ஆனால் அளவெடுத்த நேரம், கடிதம் எழுதிய நேரம், வாடகை, எரிவாயு, வண்ணப்பூச்சு, காப்புறுதிக் கட்டணம், பழுதாகித் தூக்கியெறிந்த குழாய் ஆகியவற்றைச் சேர்க்க மறந்துவிடுகிறார். விலை மலிவாக இருப்பதால் வரிசை நீள்கிறது. வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவரும் முன்பணம் தருகிறார். அந்தப் பணத்தில் இன்றைய வாடகையைக் கட்டுகிறார். மூன்றாம் ஆண்டில் செய்ய வேண்டிய சட்டகத்தின் பணம் முதலாம் ஆண்டிலேயே தீர்ந்துபோகிறது. வெளியே நின்று பார்ப்பவர்க்கு அவ்வரிசை புகழாகத் தெரியும். கணக்கேட்டில் அது கடன். இதை உணர்ந்த பட்டறைக்காரர் விலையை உயர்த்தி, ஏற்கும் வேலையைக் குறைத்து நிலைத்தார்.

பழைய பட்டறைகளும் இச்சோதனைக்கு விலக்கல்ல. மெர்சியன் 2024இல் தொழிலை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது வாடிக்கையாளர் பலர் வருந்தினர். அதே ஆண்டில் புதிய உரிமையாளர்கள் முன்வந்து அதை மீட்டனர். கழகத்து இளைஞன் காசு சேர்த்து வாங்கிய காலத்தில் தோன்றிய அப்பட்டறையின் பெயரை, இன்னும் வேண்டுவோர் இருந்தமையே காத்தது.

கைத்தொழிலின் அழிவுக்கு எந்திரத்தையே காரணமாகக் காட்டுவது வழக்கம். இவ்வரலாறு அதனை முழுதும் ஒப்பவில்லை. பெருந்தொழிற்சாலை ஓங்கி நின்ற 1930களில்தான் சிறு பட்டறைகளும் செழித்தன. நல்லதை அறிந்து கேட்பவர், தம் உழைப்புக்கு உரிய விலையை அஞ்சாமல் சொல்பவர், கற்க வருபவருக்கு இடம் கொடுப்பவர் ஆகிய மூவரும் உள்ள இடத்தில் அந்நெருப்பு எரிந்தது. மூவரில் ஒருவர் நீங்கியபோது, எத்துணைச் சிறந்த கையாயினும் அதனால் தனியே அதைக் காக்க இயலவில்லை.